மிஷின் சூடு

கொழுந்தனார் தன் அண்ணனின் வலது கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி பாக்கறீங்க?" என்றாள் அவள்.

"இங்க பாருங்க அண்ணி. கட்டைவிரல்ல. கருப்பா."

"அது தட்டு சுட்டது. போன வாரம்."

"இது?"

"அதுவும் தட்டுதான்."

"எல்லாமே தட்டுதானா?"

அதற்கு அவள் என்ன சொல்வாள்? வாலிப வயதிலிருந்து பேக்கரி அடுப்பின் வாயில் நின்ற மனிதர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். முழங்கையிலிருந்து நகக்கண் வரைக்கும் சூடுபடாத இடம் அந்தக் கையில் கிடையாது. அதில் போய்ப் புதுசு எது, பழசு எது என்று தேடினால் எங்கே கிடைக்கும்.

கொழுந்தனார் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் லிஃப்ட் குழிக்குள் வயரைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்ததை நேரில் பார்த்தவர். அன்றிலிருந்து யார் செத்தாலும் அவருக்குக் கரண்ட் ஞாபகம்தான். "பாம்பு கடிச்சு செத்தான்னு சொல்லு, பாம்புக்குக் கரண்ட் எங்கிருந்து வந்துச்சும்பான் என் தம்பி" என்று மாஸ்டரே சொல்லிச் சிரிப்பார். இப்போது மாஸ்டர் ஹாலில் கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தார். சிரிக்க ஆளில்லை.

"டாக்டர் ஹார்ட்டுன்னு எழுதிக் குடுத்துட்டாரே தம்பி."

"அவரு நின்ன எடத்துலயே பாத்துட்டு எழுதிட்டுப் போயிட்டாரு அண்ணி. கையைத் தொட்டுப் பாத்தாரா?"

டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்தார்தான். அவளிடமும் கேட்டார். சுகர் இருக்கா, வலின்னு ஏதாவது சொன்னாரா, வேர்த்துச்சா. "அவருக்கு எப்பவுமே வேர்க்கும் டாக்டர், அடுப்பு வேலை" என்றாள். அவரும் தலையாட்டிவிட்டு எழுதினார்.

ஹாலில் ஆட்கள் சேரச் சேரப் புழுக்கம் ஏறியது. மாடி வீட்டம்மா கையிலிருந்த துண்டால் விசிறிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். "ஏம்மா, உங்க வீட்டுல பெரிய ஸ்டாண்டு ஃபேன் ஒண்ணு நிக்குமே, எங்க? அதைப் போட்டா கொஞ்சம் நல்லாருக்குமே."

அவள் வாயைத் திறப்பதற்குள் மகன் சொன்னான், "அது ரிப்பேர் ஆன்ட்டி."

அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். ரிப்பேரா? இன்று காலையில் தையல் மிஷினில் உட்கார்ந்தபோது காலடிக்கு நேராக அதுதானே ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இவன்தான் வந்து எடுத்துக்கொண்டு போனான். எதுக்குடா என்று கேட்கக்கூட அவளுக்கு அப்போது நேரமில்லை. மத்தியானத்துக்குள் கொடுக்க வேண்டிய துணி குவிந்து கிடந்தது.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரோடு சுவராக நின்றான். அவன் ரூமுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. பிறந்ததிலிருந்து பூட்டாத ரூம். சாவி அவன் பேண்ட் பாக்கெட்டில் புடைத்துத் தெரிந்தது.

கொழுந்தனார் கண்ணுக்கு அது தப்புமா?

"ரூமை எதுக்குடா பூட்டி வெச்சிருக்க?"

"சாமான் கெடக்கு சித்தப்பா. யாராவது மிதிச்சிடுவாங்க."

"தொறயேன், பாப்போம்."

"அப்புறம் சித்தப்பா."

கொழுந்தனார் அவளைத் தலையசைத்துக் கூப்பிட்டு அடுப்படிக்குக் கொண்டுபோனார். கதவைப் பாதி சாத்தினார். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாஸ்டரின் சட்டை தொங்கியது. காலையில் அவிழ்த்து மாட்டியது.

"நேரா கேக்கறேன் அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரம் அண்ணனே போன்ல சொன்னாரு. நானும் சூப்பர்வைசரும் சேர்ந்து கம்ப்யூட்டருக்கு வோல்டேஜ் ஏத்தப் போறோம்டான்னாரு. வெளையாட்டுக்கு மிஷின் இன்னும் வேகமா ஓடணுமாம். எனக்கு அப்பவே பகீர்னுச்சு. இன்னைக்கு அந்த மிஷின் பக்கத்துலயே விழுந்து கெடக்காரு. தூக்குனவங்க சொன்னாங்க, மிஷின் மூடி தொறந்திருந்துச்சாம். கை அதுமேல இருந்துச்சாம். பையன் ரூமைப் பூட்டறான். என்னன்னு நெனைக்கறது?"

சூப்பர்வைசர் என்பது மகனுக்கு மாஸ்டர் வைத்த பேர். சின்னதில் பேக்கரியில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, இது கருகிடுச்சு, அது வேகல" என்று சட்டம் பேசுவானாம். இன்று பார்சல் கிடங்கில் வேலைக்குப் போகிறவன். பேர் மட்டும் போகவில்லை.

"வண்டி வந்துட்டா எல்லாம் முடிஞ்சிடும் அண்ணி. அதுக்கு முன்னாடி போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா அறுத்துப் பாத்து சொல்லிடுவாங்க. பெத்த புள்ளைன்னு நீங்க மூடி மறைச்சா, நாளைக்கு எங்கண்ணன் என்னை மன்னிக்க மாட்டாரு. உங்க காதுல ஏதாவது விழுந்துச்சா?"

"தையல் மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

வாய் சொல்லிவிட்டது.  ஆனால் அவள் காதில் விழுந்திருந்தது. நூல் மாற்ற மிஷினை நிறுத்தியபோது அந்த ரூமிலிருந்து தெளிவாகக் கேட்டது.

"வோல்டேஜ் எவ்ளோடா காட்டுது?" இது மாஸ்டர்.

மகன் என்னவோ நம்பர் சொன்னான்.

"தாங்குமாடா?"

"தாங்கும்பா. ஏத்திப் பாத்துடலாம்."

அதற்குப் பிறகு அவள் ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்து அடித்து முடித்திருப்பாள். தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் "அப்பா" என்று ஒரு கத்தல்.

காலையிலிருந்து அந்தத் 'தாங்கும்பா' அவள் காதுக்குள் கொசுபோல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகன் போய்விடுவான். சொல்லாவிட்டால், இதே வீட்டில், இதே மகனுக்கு நாளைக்குச் சோறு போட வேண்டும். எந்தக் கண்ணால் அவனைப் பார்ப்பது?

"கொஞ்சம் இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நேராக மகனிடம் போனாள். கையை நீட்டினாள்.

"சாவி."

"அம்மா..."

"குடுடா."

கதவைத் திறந்ததும் மூடிக் கிடந்த வெக்கை முகத்தில் அடித்தது. மேசைமேல் கம்ப்யூட்டர், பக்கவாட்டு மூடி கழற்றியபடி, அணைந்து கிடந்தது. அதன் முன்னால் ரெண்டு நாற்காலி. ஒன்று சாய்ந்து விழுந்திருந்தது. யாரும் நிமிர்த்தவில்லை. அதற்கு எதிரே, மேசையோரம், ஹாலில் நிற்க வேண்டிய பெரிய ஃபேன். அதன் முகம் மிஷின் பக்கம் இல்லை. விழுந்து கிடந்த நாற்காலிக்கு நேராக இருந்தது.

மகன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"எவ்ளோ ஏத்துன?" என்றாள்.

"என்னம்மா?"

"நடிக்காத. எனக்குக் கேட்டுச்சு. தாங்குமான்னு கேட்டாரு. தாங்கும்னு சொன்ன. எவ்ளோ ஏத்துன?"

அவன் அவளையே பார்த்தான். அவள் இத்தனை நேரம் மனசுக்குள் எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"ஏத்தவே இல்லம்மா."

"டேய்..."

"சத்தியமா இல்ல. ஏத்தறதுக்கு முன்னாடி பாக்கணும்மா. முழு வேலை குடுத்து மிஷினை ஓடவிடணும். ப்ராசஸர் எவ்ளோ சூடாகுது, வோல்டேஜ் ஆடாம நிக்குதான்னு உக்காந்து பாக்கணும். சூடு ஒரு அளவுல நின்னாதான் மேல ஏத்தலாம். நான் நேரா ஏத்திடலாம்னுதான் சொன்னேன். அப்பாதான் விடல. அடுப்பு சூடு தெரியாம மாவை உள்ள தள்ளுவியாடான்னாரு. பாத்துட்டுத்தான் இருந்தோம்."

"அப்புறம் கரண்ட் எப்படிடா அடிச்சிருக்கும்?"

அவன் மேசையிலிருந்த ரிமோட்டைத் திறந்து ஒரு பேட்டரியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "இது ஒன்றரை வோல்ட். ப்ராசஸருக்குப் போறது இதைவிடக் கம்மிம்மா. ஏத்தினாலும் கம்மிதான்."

"செவுத்துலருந்து வர்றது?"

"அது அந்த மூடுன டப்பாவுக்குள்ள. அதை யாருமே தொறக்கல. அடிச்சிருந்தா லீக்கேஜ் பிரேக்கர் விழுந்திருக்கும், ஆள் மேல கரண்ட் பாஞ்சாலே விழறது அது. வீடே அணைஞ்சிருக்கும். உன் தையல் மிஷின் நின்னுச்சா?"

நிற்கவில்லை. அவன் கத்திய பிறகும் ஊசி நாலு தையல் ஓடியது. அவள் காலை எடுத்த பிறகுதான் நின்றது. தலைக்குமேல் பல்பு எரிந்துகொண்டேதான் இருந்தது.

காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்குவதுபோல இருந்தது. ஆனால் முழுசாக இறங்கவில்லை. கண் மறுபடி ஃபேனுக்குப் போனது.

"அப்போ இதை எதுக்கு ரிப்பேர்னு சொன்ன? எதுக்குப் பூட்டி வெச்ச?"

அவன் விழுந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"சொல்லுடா."

"பாதியில அப்பா, வேர்க்குதுடான்னாரு." அவன் ஃபேன் பக்கம் திரும்பினான். "முழு லோடுல இந்த ரூமே கொதிக்கும்மா. மிஷின் சூடுப்பான்னேன். ஹால்ல இருந்து ஃபேனைத் தூக்கிட்டு வந்து அவருக்கு நேரா வெச்சேன். பெருசாவே வெச்சேன். அப்புறம் நான் அவரைப் பாக்கவே இல்லம்மா. சூடு காட்டற நம்பரைத்தான் பாத்துட்டிருந்தேன். எண்பத்திமூணு, எண்பத்திநாலு, அங்கயே நின்னுடுச்சு. நல்லா நிக்குதுப்பா, தாண்டலன்னு சந்தோஷமா சொல்லிட்டுத் திரும்பறேன்..."

ஃபேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த ஃபேனைப் பாத்தா சித்தப்பா கேப்பாரு, இது ஏன் இங்க நிக்குதுன்னு. கேட்டா நான் சொல்லிடுவேன்."

அவள் பேட்டரியை மேசைமேல் வைத்தாள். வெளியே வந்து, கொழுந்தனாரைத் தாண்டி, அடுப்படிக்குள் போனாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டையை எடுத்தாள்.

அவள் தைத்த சட்டைதான். காலையில் அதை அவர் பிழிந்து மாட்டினார். இப்போது மொடமொடவென்று காய்ந்திருந்தது. முதுகு முழுக்க, உப்புப் பூத்து, கடல் நக்கிவிட்டுப் போன மணல்மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கோடு.

காலையில் மகன் ரூமிலிருந்து, முதுகோடு ஒட்டிய சட்டையோடு அவளெதிரே வந்து நின்றார். நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். "ஒரு மாதிரியா இருக்குடி" என்றார். அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. "அந்த மிஷின்கிட்ட போய் உக்காந்தா வேர்க்காம, குளிரவா செய்யும்? சட்டையை மாத்திட்டுப் போங்க" என்றாள். "அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டு போனார்.

சட்டையை மடித்தாள். மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

ஹாலுக்கு வந்தபோது கொழுந்தனார் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, கரண்ட் இல்ல."

"நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"என் தையல் மிஷின் நிக்கல. பல்பு அணையல."

"பிரேக்கர் விழலையா?"

"விழல."

லிஃப்ட்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. போய் வாசல்பக்கத்து மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். வந்தும் அவர் முகம் முழுசாகத் தெளியவில்லை.

"அப்போ முன்னாடியே ஏதாவது தெரிஞ்சிருக்கணுமே அண்ணி. மனுஷன் சும்மா விழ மாட்டாரு. வலிக்குது, ஒரு மாதிரி இருக்குன்னு யார்கிட்டயாவது சொன்னாரா?"

மகன் ரூம் வாசலில் ஃபேனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வாய் திறந்தது.

"என்கிட்ட சொன்னாரு" என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"வேர்த்து ஊத்துச்சு. ஒரு மாதிரியா இருக்குன்னாரு. நான்தான் சட்டையை மாத்திட்டுப் போங்கன்னு சொன்னேன். என்கிட்டதான் சொன்னாரு. வேற யார்கிட்டயும் சொல்லல."

மகன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

கொழுந்தனார் போனைச் சட்டைப் பையில் போட்டார். கட்டிலருகே உட்கார்ந்து, வெளிச்சத்துக்காகத் திருப்பி வைத்திருந்த அண்ணனின் கையை மெதுவாகப் பழையபடி வயிற்றின்மேல் எடுத்து வைத்தார்.

மகன் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இதையாடா ரிப்பேர்ன்ன?" என்றார் மாடி வீட்டம்மா.  

அவன் பிளக்கைச் செருகி, ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திருப்பி, மூன்றில் வைத்தான். வேர்த்துக் கிடந்தவர்கள் முகத்தில் காற்றுப் பட்டு, ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் மடித்த சட்டையை இடுக்கிக்கொண்டு வந்தாள். ஃபேனின் கழுத்தைப் பிடித்துக் கட்டில் பக்கமாகத் திருப்பினாள். காற்று வேகமாக இருந்தது. மாஸ்டரின் நெற்றியில் முடி கலைந்து விழுந்தது. குனிந்து, குமிழை ஒன்றுக்குக் குறைத்தாள். மத்தியானம் படுக்கும்போது அவருக்கு எப்போதும் ஒன்றுதான்.

அவர் மாற்றிப் போட்டிருந்த சட்டைக் காலரின் ஓரம் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.