தேசிமரத்தின் வேர்ப்பக்கம்

மபாஸா இலையொன்றைக் கிள்ளி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள். நுனியிலிருந்து உள்நோக்கிக் கருகிக்கொண்டு வந்திருந்தது. அதுவும் முற்றிய இலைகளில்தான் முதலில். புழு அரித்த அடையாளம் இல்லை. இலைக்கடியில் வெள்ளைப் பூச்சியும் இல்லை. அவளுக்குப் பின்னால் அலியாரும் அவருடைய மனைவி ஜுனைதாவும், டொக்டர் நாடி பார்க்கும்போது நிற்கிற சொந்தக்காரர்களைப் போல, மூச்சுக் காட்டாமல் நின்றார்கள்.

விவசாயப் போதனாசிரியராகக் கற்பிட்டிப் பக்கம் வந்த நாளிலிருந்து மபாஸாவுக்கு இதுதான் பிழைப்பு. கலியாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவள் முதல் பிடி சோற்றை வாயில் வைக்குமுன்பே கறிவேப்பிலை ஏன் தழைக்குதில்லை என்று கேட்பாள். மையத்து வீட்டில், அழுகை கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, மிளகாய்க் கன்று சுருள்வதைப் பற்றி ஒருத்தி காதோடு காதாக விசாரித்திருக்கிறாள். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் ஒரே பதில்தான்: தண்ணீரைக் குறையுங்கள், உரத்தைக் குறையுங்கள், மரத்தைக் கொஞ்சம் சும்மா விடுங்கள். அது மட்டும் யாருக்கும் முடியாத காரியம். ஆனாலும் எத்தாளையில் இந்த வளவுக்குள் நுழைந்தபோது அவளுக்கு மனம் குளிர்ந்துதான் போனது. வெறும் கடல் மணலில் கொய்யா, மாதுளை, முருங்கை எல்லாம் அணிவகுத்து நின்றன. எலுமிச்சை காய்க்கிற தேசிமரம் ஒன்றுதான் வாடிக்கொண்டிருந்தது.

"நோன்புக்கு முந்தி மரம் முழுக்கப் பூ மிஸ்," என்றார் அலியார். "இப்ப பாருங்க. இது பட்டுப்போனா இந்த இடத்துல என்ன வெக்கலாம்?"

ஜுனைதா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மபாஸா குந்தியிருந்து வேரடி மண்ணைக் கிளறினாள். உச்சி வெயிலிலும் மண் சொதசொதவென்று இருந்தது. யாரோ அடிக்கடி கிண்டி இளக்கிய பொதுமல். கொஞ்சத்தைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்; உப்புக் கரித்தது, துப்பினாள். பிறகு முகத்தில் ஒன்றும் காட்டாமல், "கிணத்துத் தண்ணியையும் பாக்கணும்," என்றாள்.

கிணற்றடிக்கு ஜுனைதாதான் கூட வந்தாள். மபாஸா பையிலிருந்து உப்பு அளக்கும் பேனை மாதிரியான கருவியை எடுத்து வாளித் தண்ணீரில் விட்டாள். எண் ஏறவேயில்லை. குழந்தைக்குப் பால் கரைக்கலாம், அவ்வளவு நல்ல தண்ணீர்.

"மிஸ்," ஜுனைதாவின் குரல் தாழ்ந்திருந்தது. "தண்ணி உப்பாப் போய்த்து, இனி இங்க ஒண்டும் வராதெண்டு அவருக்கிட்ட சொல்லுங்களன்."

"ஏன்?"

"முசலியில எங்கட வாப்பாட காணி இரிக்கி. சண்டை முடிஞ்சதோட கூடப் பொறந்த நானா போய்க் காடு வெட்டிக் கொட்டிலும் போட்டுட்டார். எங்களயும் வரச் சொல்றார். இவருக்கிட்ட கேட்டா, கொய்யா காய்க்கட்டும், போவமெண்டார். காய்ச்சது. பொறகு மாதுளை காய்க்கட்டுமெண்டார். அதும் காய்ச்சது. இப்ப தேசி." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் சின்னப் புள்ளயா விட்டுட்டு ஓடி வந்த வீடு மிஸ். ஒருக்கா அங்க போய்ப் படுக்கணும். இந்த மரம் காய்ச்சா அவர் இன்னொண்ட நட்டுருவார்."

மபாஸா கருவியைத் துடைத்து உறையில் போட்டாள். மரத்துக்கு நோய் வந்தால் அவளிடம் மருந்து உண்டு. இதற்கு இலாகாவில் துண்டுப் பிரசுரம் எதுவும் அச்சிடவில்லை. அவளுக்கு இந்தப் பெண்ணின் மேல் கோபம் வரவேண்டும். நல்ல பூ வைத்த மரம் அல்லவா? கோபம் வரவில்லை, பரிதாபமாகத்தான் இருந்தது. அதற்காகப் பொய் சொல்லவும் வாய் வராது. "யோசிச்சுச் சொல்றன்" என்று பொதுப்படையாகச் சொல்லிவிட்டுக் வேலிக் கடப்படி வாசலுக்கு நடந்தாள்.

ஸ்கூட்டரை வெயிலிலிருந்து தள்ளிக் கொடுக்கிற சாட்டில் அலியாரும் வந்துவிட்டார்.

"கிணத்துல உப்பில்லத்தானே மிஸ்?"

"இல்ல."

"தெரியும். நான் உப்பளத்துல வேலை செய்றவன். வீட்டுக்குக் கொண்டு வாற உப்பு எவ்வளவு, கறிக்குப் போறது எவ்வளவுண்டு எனக்கு விளங்காதா?" அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "அவ பகல்ல அந்த உப்ப வேரடியில போடுவா. நான் அந்திக்கு வந்து மேல் மண்ண வழிச்சுப் போட்டுட்டுத் தண்ணி ஊத்துவன். எத்தின வாளி ஊத்தினா கழுவுப்படும்? அதக் கேக்கத்தான் உங்கள வரச் சொன்னது."

"அவக்கிட்டயே கேக்கலாமே?" என்றாள் மபாஸா.

"கேட்டா கதைக்கணும் மிஸ். கதைச்சா போவணும்." அவர் வளவைத் திரும்பிப் பார்த்தார். "அங்க அவட காணி, அவட நானாமார். இங்க உள்ளது அம்புட்டும் என்ட கையால நட்டது."

"ஒரு பக்கம் உப்பு விழ, மறுபக்கம் நீங்க தண்ணி ஊத்தினா வேர் அழுகிப்போகும். மரம் தப்பணுமெண்டா ரெண்டும் நிக்கணும்."

"நீங்களே அவக்கிட்ட சொல்லுங்களன்."

"மரத்துக்குத்தான் நான் மருந்து சொல்லலாம்," என்றாள் மபாஸா. சொன்ன பிறகு அது கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டதோ என்று பட்டது. ஹெல்மெட்டை மாட்டி, நாடாவைப் பூட்டுவதில் வேண்டுமென்றே நேரம் எடுத்தாள்.

வேலி ஓலைக்கு மேலாக வளவு முழுவதும் தெரிந்தது. அலியார் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, தேசிமரத்தடிக்குத் தூக்கி வந்தார். ஊற்றவில்லை. வாளியை மணலில் வைத்துவிட்டு, "ஜுனைதா" என்று கூப்பிட்டார்.

ஜுனைதா அடுப்படி வாசலுக்கு வந்தாள். வாளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு மெல்ல வந்து, மரத்துக்கு மறுபக்கம் வெறும் மணலிலேயே உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். காகம் ஒன்று இறங்கி, இருவருக்கும் நடுவில் இருந்த வாளி விளிம்பில் நின்று குனிந்து குனிந்து தண்ணீர் குடித்தது. இரண்டு பேரும் அதை விரட்டவில்லை.