கை நடுங்கட்டும்

நஃபீசாவுக்குச் சந்தேகம் வந்தால் முதலில் வேலை செய்வது மூக்குதான். துபாய் வேலையை ஒரேயடியாக விட்டுவிட்டு ஊர் திரும்பிய புருஷன் மீரா உசேனின் சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் அழுக்குக் கூடையில் போடுவாள். அத்தர் மணக்கும், வியர்வை மணக்கும். அவள் தேடிய வாடை மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்காததாலேயே, ஆள் கெட்டிக்காரத்தனமாகக் குடிக்கிறார் என்று முடிவு கட்டினாள்.

எல்லாம் அவருடைய வலது கையால் வந்தது. மடியில் கிடக்கும்போது சாதுவாகக் கிடக்கும். டீ டம்ளரைத் தூக்கினால் போதும், நடுங்கிப் பாதி டீயைத் தரையில் சிந்திவிடும். வியாதி என்றால் எப்போதும் அல்லவா நடுங்க வேண்டும்? நேரம் பார்த்து வருகிற வியாதி எங்கேயாவது உண்டா? காலையில் நடுங்கி மாலையில் நிதானமாகும் கைகளை அதிராம்பட்டினம் கடைத்தெருவில் அவள் பார்த்திருக்கிறாள். அவை எந்தக் கடைக்குப் போய்வந்து நிதானமாயின என்பது ஊருக்கே தெரியும்.

வேறு சமயமாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். ஆனால் மகள் அனீஸாவுக்கு நிக்காஹ் குறித்தாயிற்று. பேராவூரணி மாப்பிள்ளை சமீரின் கையைச் சபையில் பிடித்துக்கொண்டு, மகளை மணமுடித்துக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டியவர் வாப்பாதான். குடிக்கிற கை அந்தக் கையைப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் நிக்காஹே கூடுமோ கூடாதோ என்று கேட்டு வளர்ந்தவள் நஃபீசா. குடி உண்மையென்றால் அவருடைய அண்ணனை உட்கார வைத்துவிட வேண்டியதுதான். தகப்பன் குத்துக்கல்லாக இருக்கும்போது பெரியவாப்பா கை கொடுத்தால் ஊர் என்ன பேசும்?

போதாக்குறைக்கு, பட்டா விஷயம் என்று சொல்லி அவர் அடிக்கடி தஞ்சாவூர் பஸ் ஏறினார். மிஸ்டு கால் கொடுத்தால் உடனே திருப்பிக் கூப்பிடுகிற மனுஷன், தஞ்சாவூர் போனால் மட்டும் போனை அணைத்துவிடுவார். அப்படிப் போய்வந்த ஒரு சாயங்காலம், சொம்பைத் தூக்கி டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நஃபீசாவுக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"பட்டா கெடச்சிருச்சா?"

"இன்னும் இல்ல. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க."

"அப்ப நானும் வர்றேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "வா" என்றார்.

அடுத்த வாரம் தஞ்சாவூரில் இறங்கியதும் கலெக்டர் ஆபீஸ் பக்கம் திரும்பாமல் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள் அவளை அழைத்துப் போனார். "மூளையப் படம் எடுக்கிறாங்க. அங்க போன் கொண்டுபோகக் கூடாது. வெளிய தெரிஞ்சா மாப்பிள்ள வீட்டுல என்ன நெனப்பாங்க? அதான் சொல்லல" என்றார் மெதுவாக.

டாக்டர் வெங்கட்ராகவன் பொறுமைசாலி. "இது பரம்பரையா வர்ற நடுக்கம்மா. சும்மா இருந்தா தெரியாது, கைக்கு வேல குடுத்தாதான் வரும்" என்றார். அவள் இத்தனை நாள் கட்டி வைத்த வழக்கு அந்த ஒரு வார்த்தையில் சரிந்தது. ஒரே மாத்திரை சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை; அது ஏன் என்று கண்டுபிடிக்கத்தான், மாத்திரைக்கு முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். சோதனைக்காக மீரா உசேன் வரைந்த இரண்டு வட்டச்சுழிகளையும் டாக்டர் காட்டினார். முதலாவது கோழி கிளறியதுபோல் இருந்தது. மாத்திரைக்குப் பின் வரைந்தது கொசுவர்த்திச் சுருள் மாதிரி அழகாக இருந்தது.

"மாத்திர இவருக்கு நல்லா கேக்குது. ஆனா ஒரு வேள விட்டாலும் நடுக்கம் திரும்பிரும்."

நஃபீசாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாவி, இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான்" என்றார் டாக்டர். "மது குடிச்சா பல பேருக்கு இந்த நடுக்கம் கொஞ்ச நேரம் அடங்கும். உங்களுக்கு எப்படி?"

"எங்க வீட்டுல அந்தப் பழக்கமெல்லாம் கெடயாதுங்க" என்று நஃபீசா வெடுக்கென்று சொன்னாள்.

மீரா உசேன் தலை நிமிரவில்லை. "அடங்கும் டாக்டர்" என்றார்.

திரும்பும் பஸ் ஒரத்தநாட்டைத் தாண்டியது. அவரே சொன்னார். "அரபி வீட்டுல கஹ்வா காப்பி ஊத்துற வேல. விருந்தாளி மேல சிந்துனா மறுநாளே ஊருக்கு ஏத்திருவான். ரூம்ல கூட இருந்தவன் ஒரு மடக்கு குடுத்தான், கை நின்னுச்சு. அதுக்கப்புறம் விருந்துன்னா குடிச்சேன். ஊருக்கு வந்தப்புறம் தொடல. அல்லாஹ் அறிய தொடல."

"டாக்டர்கிட்ட சொல்ல வாய் வருது. எங்கிட்ட வரல."

"அவரு மாத்திர குடுப்பாரு. நீ என்ன குடுப்பே?"

இப்போது அவளை முன்னைவிடப் பெரிய சந்தேகம் பிடித்துக்கொண்டது. மாத்திரையும் கையை நிறுத்துகிறது, அந்தக் கண்றாவியும் நிறுத்துகிறது. நிதானமான கையைப் பார்த்து எது உள்ளே போயிருக்கிறதென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிக்காஹ் அன்று காலை மாத்திரை அட்டையை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். மாத்திரை இல்லாமலும் கை நடுங்காவிட்டால் ஆள் குடித்திருக்கிறார். நடுங்கினால் சுத்தம். அவருடைய அண்ணனிடம், "பக்கத்துலயே இருங்க மச்சான்" என்றும் சொல்லி வைத்தாள்.

"மாத்திரய பாத்தியா?" என்று கேட்டு வந்தார் மீரா உசேன்.

"நான் பாக்கலையே."

அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் குளிக்கப் போய்விட்டார்.

பந்தலில் சபை கூடியது. பெண்கள் பக்கத்து ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு நஃபீசா நின்றாள். மீரா உசேன் கையை நீட்டிச் சமீரின் கையைப் பிடித்தார். கை அசையவில்லை. அவளுக்கு உயிரே போய்விட்டது. யா அல்லாஹ், நடுங்கட்டும், அந்தக் கை நடுங்கட்டும் என்று கேட்டாள். எந்தப் பெண்டாட்டியும் புருஷனுக்காக இப்படி ஒரு துஆ கேட்டிருக்க மாட்டாள்.

அவர் வாயைத் திறந்து மகள் பெயரைச் சொன்னபோது நடுக்கம் வந்தது. மணிக்கட்டில் தொடங்கி மாப்பிள்ளையின் கையையும் சேர்த்து ஆட்டியது. சமீர் தன் இடது கையையும் கொண்டுவந்து மேலே வைத்துக்கொண்டான். "பொண்ணப் பெத்த மனசுல்ல" என்றார் கூட்டத்தில் ஒருவர். அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். நஃபீசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

விருந்து ஓய்ந்ததும் அரிசிப் பானையிலிருந்து அட்டையை எடுத்துத் துடைத்து அவரிடம் நீட்டினாள். மீரா உசேன் அதை வாங்கவில்லை. தன் சட்டைப் பைக்குள் கைவிட்டு, பிரிக்காத இன்னொரு அட்டையை எடுத்துக் காட்டினார்.

"காலையிலேருந்து இங்கதான் இருக்கு."

"அப்ப ஏங்க போடல?"

"நடுங்குறத நீ பாக்கணும்ல" என்றார்.

நஃபீசாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாத்திரையை அவளே பிரித்து அவர் வாயில் போட்டு, டம்ளரையும் அவளே பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். இனிமேல் சட்டையை மோந்து பார்க்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அது மட்டும் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.