ராணியும் பிளாஸ்டிக் டப்பாவும்

"அந்தச் சின்ன வண்டியக் கொஞ்சம் நகத்தும்மா. அம்மாவக் கொண்டுபோற வண்டி உள்ள வரணும்," என்றார் மாமா.

மகள் காரில் ஏறினாள். அம்மா குள்ளம், இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவாள். முழங்கால் இடித்தது. இருக்கையைப் பின்னால் தள்ள மகளுக்கு மனம் வரவில்லை. நேற்றுக் காலை அப்பா போனை எடுக்காமல் போக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அம்மா தனியாக வந்து இதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தபோது உயிர் இல்லை. கை மட்டும் சாவியிலேயே இருந்ததாம்.

கூடத்தில் அப்பா வந்தவர்களிடமெல்லாம் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

"வாங்கி மூணு வருஷம் ஆகல, நேரம் பாத்துக் காலை வாரிடுச்சு. எல்லாம் பிளாஸ்டிக் டப்பா. என் ராணி, நாப்பது வயசு, ஒரு நாள் மக்கர் பண்ணியிருப்பாளா? நான் மட்டும் கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போகாம இருந்திருந்தா, பறந்திருப்பேன்."

ராணி அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. அதற்குத் தனிக் கொட்டகை, மஞ்சள் வெல்வெட் துணியால் தினமும் துடைப்பு. சின்னக் காருக்கு வெயில்தான். கடை, மருந்து, மகளின் கல்லூரி, அப்பாவின் கண் ஆபரேஷன் என்று வீட்டுக்காக நாயாய் அலைந்தது டப்பா. ஊர் கைதட்டியதென்னவோ ராணிக்கு.

சாவியைத் திருகினாள். சத்தமே இல்லை. ஒரு விளக்குகூட எரியவில்லை. இறங்கி பானெட்டைத் திறந்தாள்.

பேட்டரி இருந்த இடம் காலி. இரண்டு ஒயர் முனைகளிலும் மஞ்சள் வெல்வெட் துண்டைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. அப்பா எதையும் நறுவிசாகத்தான் செய்வார்.

"என்னம்மா, கிளம்பலையா?"

"இல்ல மாமா. தள்ளிடலாம்."

பானெட்டைச் சாத்தினாள். தள்ளி ஓரம் கட்டினார்கள்.

பிறகு அவள் கொட்டகைக்குப் போனாள். ராணியின் பழைய பேட்டரி ஒரு மூலையில் கிடந்தது. ராணியின் பானெட்டைத் தூக்கினாள். உள்ளே அம்மாவின் காரில் இருந்த பேட்டரி. கழற்றும்போது அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனிதர்? போகட்டும், ஒரு நாள் முழுக்க அந்த டப்பாவைத் திட்டிக்கொண்டிருக்க எப்படி வாய் வந்தது? பானெட்டை அறைந்து சாத்தினாள்.

சாவி வழக்கம்போல காரிலேயே தொங்கியது. ஏறி உட்கார்ந்தாள். ஒரே திருகல்தான், ராணி உறுமினாள்.

கூடத்தில் யாரிடமோ, "எல்லாம் பிளாஸ்டிக்..." என்று ஆரம்பித்த அப்பாவின் குரல் பாதியில் நின்றது.

அவள் இறங்கவில்லை. காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.