துணிக்குப் பின்னால் நின்றவர்

அப்பாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. முழுசாகப் போவதற்குள் தன் தாத்தாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். தையற்கடை வைத்திருக்கும் மகள் கடையைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள். பெரிய மனிதர்கள் தும்மினால்கூட எழுதி வைப்பார்கள்; உலைக்குக் கரி அள்ளிப் போட்டவரைப் பற்றி யார் எழுதுவது? ‘கரி’ என்ற பட்டப்பெயர் மட்டும்தான் வீட்டில் மிஞ்சியிருந்தது. கடைசியில் அப்பாவைப் பெற்றவரின் பழைய பிறப்புப் பதிவில், தகப்பன் தொழில் கண்ணாடி ஆலை என்று இருந்தது.

ஆலையை மூடி எத்தனையோ காலமாயிற்று. அதன் ஆபீஸ் அறையில் ஒரு குமாஸ்தா மட்டும், மதிய வெயிலில் மிதக்கும் தூசியோடு தூசியாக உட்கார்ந்திருந்தார். அவர் எடுத்துக் கொடுத்த படத்தில், வெள்ளைத் துணிக்கு முன்னால் தொழிலாளர்கள் வரிசையாக நின்றார்கள். படத்தின் பின்புறம் பெயர்கள். கடைசிப் பெயர் கரி. திருப்பிப் பார்த்தால் அந்த இடத்தில் ஆளே இல்லை.

“என்ன சார், பேரு இருக்கு, ஆளைக் காணோமே?”

“துணி தானாவா நிக்கும்மா? உலையை அணைக்க முடியாது. கரி போடுற ஆளுங்க வேலையிலேருந்து அப்படியே கரியும் அழுக்குமா ஓடி வருவாங்க. வெள்ளைச் சட்டை பக்கத்துல விடுவாங்களா? துணியைப் பிடின்னு பின்னாடி அனுப்பிடுவாங்க.”

துணியின் ஓரத்தில் கறுத்த விரல்கள் தெரிந்தன. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அப்பாவுக்கும் அப்படியேதான்.

நகலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவள் கண்ணயர்ந்தாள். கனவா நினைவா தெரியவில்லை. வெள்ளைத் துணி காற்றில் அசைந்தது, பின்னால் யாரோ இருமினார்கள், துணி மட்டும் விலகவே இல்லை. விழித்தபோது மனதுக்குள் ஒரு கள்ளத்தனம் புகுந்திருந்தது. படத்தில் மீசைக்காரர் ஒருவர் ராஜா மாதிரி நிற்கிறார். இவர்தான் என்று காட்டினால் அப்பாவுக்குத் தெரியவா போகிறது?

அப்பா படத்தை மூக்கருகே வைத்துக்கொண்டார்.

“மூஞ்சி எதும்மா?”

மீசைக்காரர் வரைக்கும் போன அவள் விரல், அங்கே நிற்காமல் ஓரத்துக்குப் போயிற்று.

“மூஞ்சி இல்லப்பா. துணியைப் பிடிச்சிக்கிட்டு பின்னாடி நிக்கிறாரு. விரல்தான் தெரியுது. உங்க சுண்டுவிரலேதான்.”

அவர் படத்தின் அந்த ஓரத்தை விரலால் தடவினார். அழுதுவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

“படம் எடுத்து முடியிற வரைக்கும் பிடிச்சிக்கிட்டே நின்னிருக்காரு. பாவம், கை கடுத்திருக்கும்,” என்றார். பிறகு தன் சுண்டுவிரலை மெதுவாக நீவிவிடத் தொடங்கினார்.