டெரிகாட்டன் முழங்கால்

"மாத்திப்புட்டீங்க. என் தம்பி சிங்கப்பூர்லருந்து தருவிச்ச துணிய அமுக்கிக்கிட்டு, சந்தைத் துணியத் தெச்சுக் குடுத்துப்புட்டீங்க."

"அக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. தெருவே நிக்குது."

"நிக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்."

ஞானமேரி சாம்பல் நிறப் பேண்டைத் தையல் மெஷின்மேல் விசிறினாள். எவ்வளவு கோபம் வந்தாலும் அவளுக்கு 'ங்க' போடாமல் திட்ட வராது. டெய்லர் உபகாரசாமி வெளிறிப்போய் நின்றார். சேலம் மாதா கோயில் தெருவில் மீசை முளைத்த நாளிலிருந்து கடை வைத்திருப்பவர். துணி திருடினார் என்று பேர் விழுந்தால், அப்புறம் ஒருத்தரும் அவரிடம் கைக்குட்டைகூட வெட்டக் கொடுக்கமாட்டார்கள்.

துணியும் லேசுப்பட்டதில்லை. டெரிலினும் பருத்தியும் கலந்த டெரிகாட்டன் என்ற ஒன்றை அந்த அறுபத்தாறாம் வருஷம்தான் தெரு முதன்முதலாகப் பார்த்தது. ஞானமேரியின் தம்பி சவரியார், தன் மகள் இசபெல்லாவைக் கட்டப்போகிற அக்கா மகன் தோமினிக்குக்காக வரவழைத்தது. கசக்கிப் போட்டால் தானே நிமிர்ந்தது. நனைத்துக் கொடியில் போட்டால், வெற்றிலை மென்று முடிப்பதற்குள் காய்ந்தது. உபகாரசாமி சிலுவை போட்டுக்கொண்டுதான் அதில் கத்திரி வைத்தார்.

இப்போது அதன் முழங்கால் இரண்டிலும் கடுகுகடுகாய்ப் பஞ்சு உருண்டைகள்.

எதிர்வீட்டு ஆராயி, யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்து பேண்டைத் தடவினாள். "காடாத் துணியிலயும் மசுரு எந்திரிக்குமுங்க. ஆனா உருண்டு உதுந்து போயிரும். இது உதுரலியே."

உபகாரசாமி ஊசிமுனையால் ஓர் உருண்டையைக் குத்தி இழுத்தார். உருண்டை வரவில்லை, பேண்டுதான் கூடவே எழுந்து வந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சிலந்தி நூல்போல் ஓர் இழை அந்த உருண்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் மினுங்கியது. பருத்தி அறுந்து உதிரப் பார்க்கிறது, டெரிலின் விடமாட்டேன் என்கிறது. வாழ்நாளெல்லாம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தவர் அவர். தலைமுடியில் பாதி கனமில்லாத இதை அவரால் அறுக்க முடியவில்லை.

"மாதாவே," என்றார், பூசையில் சொல்கிற குரலில்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வெட்டுத்துணியை அவர் எறிவதில்லை, உட்காரும் மெத்தைக்குள் திணித்துவிடுவார். மெத்தையைப் பிரித்துத் துழாவினார். சாம்பல் நிறத் துண்டு ஒன்று கிடைத்தது, கரையில் பொன்னிற இங்கிலீஷ் எழுத்தோடு. அந்த எழுத்தை வீடுவீடாய்க் கொண்டுபோய்க் காட்டியவளே ஞானமேரிதான், மறுக்க வழியில்லை.

துண்டை வாசலில் கிடந்த தேங்காய்நார் மிதியடியில் வைத்துத் தேய்த்தார். முதலில் புகைபோல் ரோமம் எழும்பியது. மெல்லச் சுருண்டது. பிறகு கடுகுகடுகாய்த் திரண்டு அப்படியே ஒட்டிக்கொண்டது.

"அதே துணிதானுங்க அக்கா. ஒரசுன எடத்துல திரளுது. திரண்டதை விடமாட்டேங்குது."

"அப்ப முழங்கால்ல மட்டும் ஏனுங்க?" என்றாள் ஞானமேரி.

தோமினிக் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை முடிந்ததும் எங்கோ காணாமல் போகிறவன். சீட்டாட்டம் என்று தெரு எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது.

"சீட்டாடுறவன்னா ஒக்கார்ற எடமில்லீங்களா தேயணும்?" என்றாள் ஆராயி. "அது புதுசாட்டம் இருக்குது."

உபகாரசாமி மிதியடியைப் பார்த்தார். அதே நாரில் இன்னொரு பாய் கோயிலில் கிடக்கிறது, அந்தோனியார் பீடத்துக்கு முன்னால். எல்லாரும் அதில் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம் முழந்தாள்படியிட்டு எழுந்துவிடுவார்கள். அதற்கு இத்தனை திரளுமா? பேர் போய்விடுமே என்ற பயம் கழன்று, கோயிலுக்குள் நுழையும்போது வருகிற பயம் வந்தது.

அந்த நேரம் பார்த்து தோமினிக் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"சாயங்காலமானா எங்கடா போறே?" என்றாள் ஞானமேரி.

"கோயிலுக்கும்மா."

"தெனமுமா? அங்க என்னடா வேலை?"

"குருமடத்துக்குப் போயி சாமியாராவறதா, இசபெல்லாவைக் கட்டறதான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமில்ல?"

"உன்னைக் கேட்டா என்ன சொல்லுவேன்னு தெரியும்மா."

ஞானமேரி பேண்டை எடுத்து மடித்தாள். நெடுநேரம் மடித்தாள். "நீங்க மாத்தலீங்க," என்று டெய்லரிடம் சொன்னாள். அவள் வாயிலிருந்து மன்னிப்பு அந்த அளவுக்குத்தான் வரும். சீட்டாட்டக் கதையை முதலில் கிளப்பிய மனுஷன்தான் முதலில் வந்து அந்த முழங்காலைத் தொட்டு விரல்களை முத்தமிட்டான், மாதா சுரூபத்தைத் தொடுகிற மாதிரி. பின்னாலேயே வரிசை நின்றது.

அடுத்த ஞாயிறு கோயிலில் வாசிக்க இருந்த கல்யாண ஓலையை யாரும் வாசிக்கவில்லை. தோமினிக் ஆனி பிறந்ததும் குருமடம் போனான். இசபெல்லா மறு வருஷமே ஓமலூரில் மளிகைக்கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அழுதாள் என்று சொன்னவர்கள் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. ஞானமேரி வீட்டைப் பூட்டிக்கொண்டு, கல்யாணம் நின்றதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத தம்பி என்றைக்காவது பேசுவான் என்று அவன் வீட்டுக்கு எதிரிலேயே, அயோத்தியாப்பட்டணத்தில் குடிபோனாள்.