கபடி முருகன் சுழற்கோப்பை

முருகனுக்கு வலது முட்டி அன்று காலையிலேயே மக்கர் பண்ணியது. ஊர்க்கோடியில் இருக்கும் எட்டு மாடிக் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி தி.நகரில் இறங்குவதற்குள், முட்டிக்குள் யாரோ சரளைக்கல்லைப் போட்டு அரைப்பது போல் இருந்தது. பனகல் பார்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். இந்த வலிக்கு அவன் வேலை பார்க்கிற கடையில் நல்ல மரியாதை. கபடி ஆட்டத்தில் பட்ட அடி என்று எல்லோரும் நம்பினார்கள். பதினெட்டு வயதில் மணல் லாரியிலிருந்து விழுந்தது என்று அவன் யாருக்கும் சொன்னதில்லை.

வைரவன் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் மொத்தம் நான்கு முருகன்கள். மேஸ்திரி வருகைப் பலகையில் பெயரை எழுதுவதே இல்லை, பட்டத்தை மட்டும் எழுதுவார். சாவு வீட்டில் கானா பாடுகிறவன் பாட்டு. ஏதோ ஒரு படத்தில் கதாநாயகனிடம் குத்து வாங்கி வைக்கோல் போரில் விழுந்தவன் சினிமா. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை விற்றுவிட்டு, பத்து வருஷமாகத் தாம்பரத்தில் குடியிருப்பவன் இன்னும் வேளச்சேரி. மற்ற மூன்று பேரும் மூட்டை தூக்குகிறவர்கள். இவன் கபடி. கோடவுனில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற பண்டலை எண்ணிக் குறித்துக்கொள்கிற வேலை.

அந்த நாற்காலி வந்த கதை இது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அடையாற்று ஓரக் குடிசைப் பகுதி அணி ஒரு பெரிய போட்டியில் ஜெயித்தது. பேப்பரில் கால் பத்தி செய்தி. "முருகன் கடைசி ரைடில் நான்கு பேரைத் தொட்டுத் திரும்பினார்." மேலே ஒரு படம். படத்தில் ஏழெட்டுப் பேர் ஒருவர் மேல் ஒருவர் குவிந்து கிடந்தார்கள். முருகன் என்று சொல்லத்தக்கது அடியில் நீண்டிருந்த ஒரு கால் மட்டும்தான். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம், கபடி என்றால் உயிர். அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு, ஆற்றோரத்து முருகனை வரச் சொல் என்று ஆள் அனுப்பினார். ஆள் வந்து விசாரித்த டீக்கடையில் அப்போது நின்றவன் இவன். இரண்டு நாளாக வேலையில்லை, வயிற்றில் டீ தவிர ஒன்றும் இல்லை.

ஆள் இவனைக் கூட்டிப்போய் அண்ணாச்சி முன்னால் நிறுத்தினான். "நீதான் முருகனா?"

"ஆமாண்ணாச்சி."

அதில் பொய் இல்லை. அடுத்ததாக அண்ணாச்சி இவன் தோளைத் தட்டி, "நாலு பேரத் தொட்டுட்டு வந்தியாமேல?" என்றார். இவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்குக் கிடைத்ததுதான் நாற்காலி.

நிஜமாகத் தொட்டவன், அதே ஆற்றோரத்து இன்னொரு முருகன், ஒரு மாதம் கழித்து அதே கடைக்கு மூட்டை தூக்க வந்தான். கபடி என்ற பட்டம் ஏற்கெனவே இவனுக்குப் போய்விட்டதால் அவனுக்குப் பாட்டு என்று வைத்தார்கள். வந்த அன்றே எல்லாம் புரிந்துகொண்டான். "வுடு மச்சி, உனக்கு முட்டி போச்சு, எனக்குத் தோள் கீது" என்றான். அதற்கப்புறம் அதைப் பேசவில்லை. அண்ணாச்சி ஆட்டத்தைப் பற்றிக் கேட்கும்போது சொல்வதற்காக, டீ நேரத்தில் இவனுக்கு ஒவ்வொரு மேட்சாகச் சொல்லிக் கொடுத்தான். எப்படிக் கால் வீசுவது, எவன் கணுக்காலைப் பிடிப்பான், எல்லாம்.

இந்த ஆடியில் பாட்டுக்கு இடுப்பு போய்விட்டது. இனிமேல் எடை தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். உட்கார்ந்து செய்யும் வேலை கடையில் ஒன்றே ஒன்று. அதில் இவன் உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணாச்சி மகள் கீர்த்தி, கடை ஊழியர்களின் பெண் பிள்ளைகளை வைத்து ஒரு கபடி அணி ஆரம்பித்தாள். பாட்டின் மகள் தாரணிதான் கேப்டன், பதினைந்து வயது. முதல் போட்டி இந்த ஞாயிறு. ஜெயிக்கிற அணிக்குக் கொடுக்க ஒரு கோப்பை செய்து, அதில் "கபடி முருகன் சுழற்கோப்பை" என்று பொறித்தும் விட்டாள். அன்று இவனுக்குச் சால்வை போர்த்துவதாகவும் சொன்னாள்.

கோப்பையைப் பார்த்த அன்று இவன் பாட்டிடம் போனான். "அண்ணாச்சியாண்ட சொல்லிடறேன்டா."

"இன்னான்னு சொல்லுவ?"

"நீதான்னு."

"சொல்லி? உன்னையும் தொரத்துவாரு, கூட நின்ன என்னையும் தொரத்துவாரு. என் பொண்ணு டீமு அத்தோட காலி. பொத்திக்கினு போய் சால்வைய வாங்கிக்கினு வா."

அப்படித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்திருந்தான். பார்க் கம்பியை விட்டுவிட்டு, பள்ளிக்கூட மைதானத்துக்கு நொண்டிக்கொண்டு நடந்தான்.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். பாட்டும் சினிமாவும் நாற்காலிகளை அடுக்கடுக்காகச் சுமந்து வந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டு ஒவ்வொரு அடுக்கையும் இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்தான். கீர்த்தி மைக்கில் பேசினாள். இவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அத்தோடு முடிந்திருந்தால் நல்லது.

அண்ணாச்சி முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். "ஏல முருகா, பிள்ளையளுக்கு ஒரு ரைடு போய்க் காட்டுல."

"முட்டி அண்ணாச்சி..."

"ஓட வேண்டாம்ல. சும்மா எப்படி உள்ள போகணும்னு காட்டு, போதும்."

சொல்லிக்கொண்டே காட்டட்டும் என்று கீர்த்தி மைக்கை அவன் கையில் திணித்தாள். முருகன் நடந்தான். கேட்ட கதைகளெல்லாம் மண்டையில் இருந்தன, கால் வீச்சு, கணுக்கால் பிடி. கோட்டைத் தாண்டி நடு ஆடுகளத்தில் போய் நின்ற பிறகுதான் எங்கும் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தான். தாரணி இவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தான். ரப்பர் செருப்பு. செருப்போடு களத்தில் நின்றுகொண்டிருந்தான். எந்த ஆட்டக்காரனும் உள்ளே போகுமுன் செய்வதுபோல் கோட்டைத் தொட்டுக் கும்பிடவும் இல்லை. அதை மட்டும் பாட்டு சொல்லித் தரவில்லை. மூச்சு விடு என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவார்களா?

அண்ணாச்சி முகம் இறுகிப்போயிருந்தது.

கையிலிருந்த நாற்காலிகளைக் கீழே போட்டுவிட்டுப் பாட்டு ஓடி வந்தான். "மயக்கமா கீது போல அண்ணாச்சி, காலைலருந்து துன்னல" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருப்பான். ஆனால் கோட்டருகே வந்ததும் கால் தானாக நின்றது. செருப்பை உதறினான். பிடித்துக்கொண்ட இடுப்பை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்த பிறகுதான் உள்ளே கால் வைத்தான். அவனுக்கே தெரியாமல் செய்தான்.

அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"வா நைனா, வெளியே வா" என்று பாட்டு இவன் கையைப் பிடித்தான்.

முருகன் நகரவில்லை. மைக் இன்னும் கையில்தான் இருந்தது. "அண்ணாச்சி, பேப்பர்ல வந்த முருகன் இவன்தான். நானில்ல."

"டேய், வாய மூட்றா."

"நாலு பேரத் தொட்டதும் இவன்தான். நான் அன்னிக்குப் பசியில தலையாட்டிட்டேன்."

அண்ணாச்சி மெதுவாக நடந்து கோடு வரைக்கும் வந்தார். "அப்போ இருவத்திரண்டு வருசமா எங்கிட்ட ஒவ்வொரு ஆட்டமா சொல்லுவியே, அதெல்லாம்?"

"இவன் சொல்லுவான். நான் கேட்டுக்கினு வந்து உங்களாண்ட சொல்லுவேன்."

அண்ணாச்சி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொன்னார். பிறகு முருகன் தோளிலிருந்த சால்வையை உருவி, பாட்டின் தோளில் போட்டார். போட்ட விதத்தில் அன்பைவிடக் கோபம்தான் கூடுதலாக இருந்தது. "சொல்லாம கெடந்த நீயும் ஒரு கள்ளப்பயதான்ல" என்றார். கீர்த்தி கோப்பையைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள்.

"இன்னாத்துக்கு முழிக்கிற பாப்பா?" என்றான் சினிமா, நாற்காலி அடுக்கின் பின்னாலிருந்து. "பேரு கரெக்டாதான் கீது. ஆளத்தான் மாத்தணும்."

முதலில் தாரணி சிரித்தாள். பிறகு எல்லோரும். போட்டி நடந்தது. தாரணியின் அணி ஒரு புள்ளியில் தோற்றது.

யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. "நாற்காலில யாரு உக்காருறதுன்னு உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கோங்க" என்று மட்டும் அண்ணாச்சி சொல்லியனுப்பினார். திங்கட்கிழமை காலை பலகையில் பாட்டுக்குக் கபடி என்று எழுதியிருந்தது. இவனுக்கு வெறும் முருகன்.

முருகன் கோடவுன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு லாரி நிற்கும் சந்துக்குப் போனான். நண்பன் முன்னால் அதை வைத்தான்.

"இன்னாடா இது?"

"உக்காரு. இனிமே நீ எண்ணு. நான் வேற எதனா பாத்துக்கறேன்."

"முட்டிய வச்சிக்கினு இன்னாத்த பாத்துக்குவ? எனக்குக் கையெழுத்தே கோணல், நான் எங்க பண்டல் கணக்கு எழுதறது? ஓரமா போடு, லோடு வந்துட்ச்சு." தலைக்குத் துண்டைச் சும்மாடாகச் சுற்றி, பண்டலை ஏற்றிக்கொண்டு நடந்தான். ஐந்தாறு அடி போனதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். நின்றான். மறுபடியும் நடந்தான்.

மேஸ்திரி உள்ளேயிருந்து கூப்பிட்டார். முருகன் நாற்காலியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான். அதே இடத்தில் போட்டான். முட்டி தாங்கவில்லை, உட்கார்ந்தான். நோட்டைப் பிரித்து முதல் பண்டலைக் குறித்தான்.

பேரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். நாற்காலியை இன்னும் கொடுக்கவில்லை.