வெள்ளைத் துணியில் சுற்றிய கத்தி

கண்ணாடிப் பெட்டியின் பூட்டில் மிஸ் ஜாய்னர் கை வைத்ததும், திறக்கத்தான் போகிறார் என்று லெமுவேல் நினைத்தான். அவரோ பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"முடியாது லெம். உங்கப்பா மேல மரியாதை இல்லாம சொல்லல. உள்ள வந்த பொருள் வெளிய போகாது."

பெட்டிக்குள் அப்பாவின் சவரக்கத்தி இருந்தது. அப்பா ஹெசகாயா பிராட்நாக்ஸ் நேற்று விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். நாளை காலை தேவாலயத்தில் வழியனுப்பு. அதற்குள் அவருக்கு முகம் மழிக்க வேண்டும், அதுவும் இந்தக் கத்தியால். மகனிடம் அவர் கேட்டிருந்தது அது ஒன்றுதான். பிரேதங்களைத் தயார்செய்யும் கேஸ்கின்ஸ், மின்சார மெஷினில் ஒரு நிமிஷ வேலை என்று சொல்லிப் பார்த்தார். லெம் கேட்கவில்லை.

மிஸ் ஜாய்னரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. நாஷ்வில்லில் நெடுஞ்சாலை போடுகிறேன் என்று கறுப்பர்கள் வாழ்ந்த ஜெஃபர்சன் தெருவைப் பாதியாகக் கிழித்தபோது அப்பாவின் சலூனும் போயிற்று. மிஞ்சிய நாற்காலி, நிலைக்கண்ணாடி, அந்தத் தெருவின் தேவாலயத்துக் கைவிசிறிகள் எல்லாம் இப்போது நகர அருங்காட்சியகத்தின் இந்த இரண்டு அறைகளில்தான் இருக்கின்றன. கறுப்பர்களின் பழைய தட்டுமுட்டுகளை யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டவர்களிடம் மல்லுக்கட்டி வாங்கிய அறைகள் இவை. ஒரு பொருள் காணாமல் போனால் போதும், இழுத்து மூட ஒரு சாக்கு கிடைத்துவிடும். பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்று, இப்போது இந்த அறைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாள் இதையெல்லாம் நிதானமாக எடுத்துச் சொன்னார். லெம் தலையாட்டினான், ஆனால் நகரவில்லை.

கத்தியின் கீழே ஓர் அட்டை இருந்தது. பெரிய பாடகர்களுக்கும் போதகர்களுக்கும் சவரம் செய்த கத்தி என்று அதில் எழுதியிருந்தது. சுத்தப் பொய். அது பொய் என்று தெரிந்த இருவரில் ஒருவர் கேஸ்கின்ஸின் மேஜையில் படுத்திருக்கிறார்.

"மிஸ் ஜாய்னர், இது அந்தக் கத்தி இல்ல," என்றான் லெம்.

அப்பாவிடம் இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு. மற்றது படுத்துவிட்டவர்களுக்கு. தெருவில் யார் செத்தாலும் கடையைச் சாத்திவிட்டு அதை எடுத்துக்கொண்டு கேஸ்கின்ஸிடம் போவார். உயிரோடு இருப்பவர் முகத்தில் அது தவறியும் பட்டுவிடக் கூடாது என்று வெள்ளைத் துணியில் சுற்றித் தனியே வைத்திருந்தார். அருங்காட்சியகத்துக்குப் பொருள் கேட்டு வந்தபோது, இத்தனை பத்திரமாகச் சுற்றி வைத்திருப்பதுதான் உசத்தியானது என்று லெம்மின் அக்கா ஒடெஸா அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். திறப்பு விழாவில் எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டார். காரில் ஏறியதும் சொன்னார்: "இருந்துட்டுப் போகுதுடா. அக்காகிட்ட சொல்லாத, அழுவா. நான் போறப்ப மட்டும் வாங்கிட்டு வந்துடு. ஊருக்கெல்லாம் பட்டது எனக்கும் படட்டும்."

லெம் சொல்லி முடித்தபின் மிஸ் ஜாய்னர் குனிந்து அந்த அட்டையை இன்னொரு முறை படித்தார். வெளியே ஒரு பேருந்து நின்று போயிற்று.

"வெண்டலுக்கும் இதுதானா?" என்று கேட்டார். வெண்டல் அவருடைய இறந்துபோன கணவர்.

"ஆமா. நான்தான் அன்னைக்குக் கிண்ணத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"தாடை அவ்வளவு வழுவழுன்னு இருந்துச்சு. யாரு இப்படிச் செஞ்சாங்கன்னு கேக்கக்கூடத் தோணல எனக்கு." அவர் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "தினமும் இத நான்தான் துடைக்கிறேன் லெம்."

பிறகு வாசலில் 'திறந்திருக்கிறது' என்ற பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டு, சாவிக்கொத்தை எடுத்தார். கத்தி தனியாகப் போகாது, தானும் கூட வருவதாகச் சொன்னார்.

கேஸ்கின்ஸ் அவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். லெம் பேருந்து ஓட்டுகிறவன். சவரம் இளவயதில் கடையில் பழகியதோடு சரி. நுரை தடவும்வரை கை ஒழுங்காக இருந்தது. கன்னத்தை இழுத்துப் பிடித்தபோது, மெதுவாடா என்று அப்பா அதட்டாதது அவனை உடைத்துவிட்டது. சத்தமாகவே அழுதான். மிஸ் ஜாய்னர் துண்டை நீட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். மோவாயில் மட்டும் இரண்டு முறை போக வேண்டியிருந்தது.

அட்டையை மாற்றி எழுத வேண்டும் என்றார் மிஸ் ஜாய்னர். பள்ளிப் பிள்ளைகள் வருவார்களே, பயப்பட மாட்டார்களா என்று லெம் கேட்டான்.

"பயப்படட்டும். இது பட்டதெல்லாம் அவங்க தாத்தாமார் முகத்துலதானே," என்றார்.

அப்பாவின் முகம் தெளிவாகிவிட்டது. ஒடெஸா பார்த்தால் தூங்குகிறார் என்பாள். லெம் தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்து, கத்தியைத் தண்ணீருக்கு அருகே கொண்டுபோனான். பின்னாலிருந்து மிஸ் ஜாய்னர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கழுவாத லெம். அப்படியே குடு."

மடிப்பின் இடுக்கில் நுரையோடு சில வெள்ளை மயிர்கள் ஒட்டியிருந்தன. அவர் கத்தியை வாங்கி, மடக்காமல், கையோடு கொண்டுவந்த சின்னப் பெட்டியில் வைத்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு இருவருமே அதை மூடவில்லை.